தையல்காரருக்குப் போட்ட நாற்காலி

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அலுவலகத்தில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். இருவர் என்பதில்தான் சற்றுக் குழப்பம்.

வராத வாடிக்கையாளருக்காக ஒரே சட்டையைப் பிரித்துப் பிரித்துத் தைக்கும் தையல்காரரைப் பற்றிய என் கதையை மறுபடியும் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை. நில வரைபடம் வரைந்தே ஓய்வு பெற்றவனுக்குக் கதை எதற்கு என்று எனக்கே தோன்றுவதுண்டு. ஆனால் முதல்முறை திருப்பியபோது, “தையல்காரரிடம் உயிர் இல்லை. அவரோடு கொஞ்ச நாள் வாழ்ந்து பாருங்கள். முயற்சியை விடாதீர்கள்” என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்தே பழகியவன் நான். சாப்பாட்டு மேசையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டேன்.

“ஏங்க, விருந்தாளி கை கழுவிட்டாரா?” என்று சிரித்தபடி என் மனைவி ஒரு தட்டும் வைத்தாள். கதை மறுபடி திரும்பியது. “இன்னும் உயிர் வரவில்லை, தொடர்ந்து எழுதுங்கள்” என்றீர்கள். தம்ளரில் தண்ணீரும் வைத்தேன். சாப்பிட்டு எழுந்தபோது அதில் பாதிதான் இருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டோம். அடுத்த முறை கதை திரும்பிய பிறகு, பக்கத்து அறையில் துணியைக் கத்தரிக்கும் சத்தம். நான் எழுதினால் கத்தரிக்கோல் ஓடுகிறது. பேனாவை மூடினால் அதுவும் நின்று, எனக்காகக் காத்திருக்கிறது. நேற்று முதுகு வலியென்று பேனாவை மூடினேன். பிடரியில் அளவு நாடா ஜில்லென்று வந்து படிந்தது. “இன்னும் ஒரு பக்கம் சார். கை வந்திருச்சு, காலர்தான் பாக்கி” என்றது ஒரு குரல். நான் மூடின பேனாவை அவசரமா மறுபடி திறக்குறேன், அடுப்படியில இருந்து இவ, “எழுதிடுங்களேன், பாவம், எவ்வளவு நேரம் நிப்பாரு? டீ போடட்டுமா?”ன்னு கேக்குறா! அவர் பயமுறுத்த வந்தவர் மாதிரியும் இல்லீங்க. என் எழுத்துமேல நம்பிக்கை வெச்சிருக்கிற ஒரே ஆள் மாதிரி நிக்கிறார். அதுதான் ரொம்ப பயமா இருக்கு.

மன்னிக்கவும், நடை நழுவிவிட்டது. என் வேண்டுகோள் ஒன்றே. “உமக்கு எழுத்து வராது, நிறுத்தும்” என்று தங்கள் கையால் ஒரு வரி அனுப்புங்கள். அவரிடம் காட்டிவிட்டுப் பேனாவை மூடிவிடுவேன். என் பேச்சை அவர் கேட்பதில்லை. தங்கள் பேச்சைக் கேட்டு வந்தவர் அல்லவா?

தங்கள் இதழ் அச்சுப் பிழையின்றித் தழைக்க வாழ்த்தி வணங்கும்,
தங்கள் பொறுமையைச் சோதிக்கும் வாசகன்.

பி.கு.: மேலே உள்ளதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நாற்காலிப் பக்கமிருந்து, “இதுதான் சார் கதை! இதையே அனுப்புங்க” என்று குரல் வந்தது. ஆகவே, என் வேண்டுகோளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இக்கடிதத்தையே கதையாகப் பரிசீலிக்கவும். அனைத்தும் கற்பனை. பதிலுக்குத் தபால் தலை வைக்கவில்லை. இதை அவரே எடுத்து வருகிறார். முடிவு தெரியும்வரை அங்கேயே இருப்பாராம். தயவுசெய்து ஒரு நாற்காலி போடுங்கள். தங்கள் கழுத்தளவு என்ன என்று கேட்டார். எனக்குத் தெரியாது, நேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.