புரிந்துணர்வின்மைச் சான்றிதழ்

பிரிட்ஜ் என்பது நாலு பேர் ஆடும் சீட்டாட்டம். எதிரெதிரே உட்கார்ந்த இரண்டு பேர் ஒரு கட்சி. ஆட்டம் தொடங்குமுன் ஏலம் நடக்கும். "ஒரு கிளாவர்", "ரெண்டு ஆட்டின்" என்று சீட்டு ஜாதியைச் சொல்லி ஒருவர் கேட்பது, தன் கையில் என்ன இருக்கிறது என்று கூட்டாளிக்குக் காட்டும் ஜாடை. ஜாடை காட்டலாம், தப்பில்லை. ஆனால் அந்த ஜாடைக்கு என்ன அர்த்தம் என்று எதிர்க்கட்சிக்கும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கட்சி என்று பெயர் வைத்த வேறெந்த இடத்திலும் இப்படி ஒரு தர்மத்தை நீங்கள் பார்க்க முடியாது.

இந்த ஆட்டம் இணையத்துக்குப் போனதும் தர்மத்துக்கும் ஒரு பெட்டி வந்தது. ஏலம் கேட்டவரே அந்தப் பெட்டியில் அர்த்தத்தைத் தட்டிவிட வேண்டும். இதற்குப் பெயர் அலர்ட். எதிராளிகள் அதைப் படிக்கலாம். கூட்டாளி கண்ணில் மட்டும் அது படாது.

ரெட்டியார்பாளையம் லூர்துபிரகாஷ் மின்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தினம் சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். அவருடைய கூட்டாளி அவர் அக்கா ரோசா. பிரெஞ்சு குடியுரிமை உள்ளவரைக் கட்டிக்கொண்டு, எப்போதோ பாரிஸ் பக்கம் போய்ச் சேர்ந்தவர். போனில் பேசினால் "சாப்ட்டியாடா?" "சாப்ட்டேன்க்கா" என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சீட்டு மேஜையில் அந்தத் தொல்லை இல்லை. அக்கா ஒன்று கேட்பாள், தம்பி ஒன்று கேட்பான், பொழுது போவதே தெரியாது. அந்த ஆட்டம் நின்றுபோனால் தனக்கு அக்கா என்று ஒருத்தி இருப்பதே மறந்துபோகும் என்ற பயம் லூர்துபிரகாஷுக்கு உள்ளுக்குள் உண்டு.

வம்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எதிரே உழவர்கரை ஹரிகிருஷ்ணனும் அவர் மனைவி சுமலதாவும். ஹரிகிருஷ்ணன் வங்கி மேலாளராக இருந்தவர், எதையும் இரண்டு கையெழுத்து இல்லாமல் நம்பமாட்டார். லூர்துபிரகாஷ் கையில் அன்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு சீட்டும் இல்லை. எதிராளியைச் சீண்டலாமே என்று "ரெண்டு ஆட்டின்" கேட்டுவைத்தார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று பெட்டியில் கேட்டார் ஹரிகிருஷ்ணன்.

லூர்துபிரகாஷ் நேர்மையான மனுஷன். "சும்மா" என்று தட்டினார்.

அக்கா ரோசா கையில் ராஜாவும் ராணியுமாகக் குவிந்து கிடந்தன. வேறு யாராக இருந்தாலும் தம்பியின் பேச்சை நம்பி ஏலத்தை எங்கேயோ ஏற்றியிருப்பார்கள். ரோசா அமைதியாக "பாஸ்" என்றாள். ரெண்டு கேட்டால் எட்டுப் பிடி எடுக்க வேண்டும், சரியாக எட்டுதான் வந்தது. ஏற்றியிருந்தால் குப்புற விழுந்திருப்பார்கள்.

ஹரிகிருஷ்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அலர்ட்டுல சும்மான்னு போட்டது எனக்குத்தானே தெரியும்? உங்க அக்காவுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு, அன்றே புகார் கொடுத்தார்.

புதுவை இணையவழி பிரிட்ஜ் நல்லொழுக்கக் கழகத்தின் தலைவர் ஜோசப் ஆனந்த். அரசாங்கத்தில் சார்புச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான் கிடைத்ததே தவிர அவருடைய தமிழுக்குக் கிடைக்கவில்லை. மறுநாளே லூர்துபிரகாஷுக்கு அறிவிக்கை வந்தது. 'மேற்படி ஆட்டத்தில் தாங்கள் உதிர்த்த சும்மா என்னும் சொல்லின்பால் எழுந்துள்ள ஐயப்பாடுகளைக் களையும் பொருட்டு, தாங்களும் தங்கள் கூட்டாளியும் நேரலையில் தோன்றி உரிய விளக்கம் அளிக்கத் தவறும்பட்சத்தில் நிரந்தரமாக விலக்கிவைக்கப்படுவீர்கள்.'

படித்து முடித்த லூர்துபிரகாஷுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும்போல் இருந்தது.

விசாரணை ஜூமில் நடந்தது. கழகமே வந்து உட்கார்ந்துவிட்டது. தலைவர் கோட்டு போட்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவியும் ஆட்டக் கூட்டாளியுமான லினெட் அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"மெஸியே லூர்து, சும்மான்னா கையில ராஜா ராணி சேர்த்து எத்தனை பாயிண்ட்?"

"சும்மான்னா சும்மாதான் சார்."

"சும்மா சொல்லாதீங்க."

"சார், இப்ப நீங்க சொன்னீங்களே, அந்தச் சும்மாதான்."

தலைவர் திகைத்துப்போய் ஒரு துணைக்குழு அமைத்தார். துணைக்குழு அங்கேயே வேறு அறைக்குப் போய் ஆராய்ந்துவிட்டு வந்தது. சும்மா வந்தேன், சும்மா கொடுத்தான், சும்மா கிட, சும்மா விடமாட்டேன் என்று ஒரே சொல் நாலா பக்கமும் பாய்வதால், இனி கழக எல்லைக்குள் ஒரு சும்மா என்பது பூஜ்யம் முதல் ஏழு பாயிண்ட் வரை என்றும், 'சும்மா சும்மா' என்று அடுக்கிச் சொன்னால் பதினாலு வரை போகலாம் என்றும் தீர்மானம் நிறைவேறியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். விடுவார்களா?

"மதாம் ரோசா, அந்தச் சும்மா உங்க கண்ணுல படவே இல்ல. அப்புறம் ஏன் பாஸ் பண்ணீங்க?"

ரோசா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "அவன் சட்டுனு கேட்டான் சார். கையில சரக்கு இருந்தா யோசிப்பான். ஒண்ணும் இல்லன்னா சட்டுனு கேப்பான். சின்னப் புள்ளையில இருந்தே பொய் சொல்றப்ப வேகமாத்தான் சொல்லுவான்."

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று துள்ளினார் ஹரிகிருஷ்ணன். "புரிந்துணர்வு! வெளியில சொல்லாத புரிந்துணர்வு!"

தலைவர் முகம் கடுத்தது. கூட்டாளிகளுக்குள் இருக்கும் எந்தப் புரிதலும் எதிராளிக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பது விதி. ஒரு வயிற்றில் பிறந்து வளர்ந்த புரிதலுக்கு விதிவிலக்கு எங்கும் எழுதப்படவில்லை. ஆகவே தம்பியைப் பற்றித் தெரிந்த அனைத்தையும் ரோசா உடனே, பகிரங்கமாக வெளிப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டார்.

ரோசா வெளிப்படுத்தினாள். டாக்டர் சொன்ன நடையை நடப்பதாகக் கிளம்பித் தம்பி டீக்கடையில் உட்கார்ந்திருப்பது, தேங்காய்த்திட்டு துறைமுக ஏலத்தில் போராடி எடுத்ததாகச் சொல்லும் மீனை மூலைக்கடையில் வாங்குவது, பூசையில் பிரசங்கம் தொடங்கியதும் கண்ணை மூடுவது பக்தியால் அல்ல என்பது, எல்லாம் வந்தது. சமையலறையில் பாத்திரம் வைக்கும் சத்தம் பலமாகக் கேட்டது. லூர்துபிரகாஷின் மனைவியும் விசாரணையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"மாதாவே!" என்றார் லூர்துபிரகாஷ். இத்தனையும் இவளுக்கு யார் சொன்னார்கள்?

"இப்ப உங்க முறை. உங்க சகோதரி எங்க வேலை பாக்கறாங்க?" என்றார் தலைவர்.

"தபால் ஆபீஸ்ல."

"அதை விட்டு எவ்ளோ நாளாச்சுடா. இப்ப குழந்தைங்க காப்பகத்துல இருக்கேன்" என்றாள் ரோசா.

"அவங்களுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"அவளுக்கு என்ன சார், ஜம்முனு இருக்கா."

"போன கோடையில முட்டியில ஆபரேஷன் ஆச்சு" என்றாள் ரோசா.

"எந்த முட்டி?" என்று லூர்துபிரகாஷைப் பார்த்தார் தலைவர். லூர்துபிரகாஷ் குனிந்து தன் இரண்டு முட்டியையும் பார்த்தார். தலைவர் குறித்துக்கொண்டார். "வீட்டுல கூட யார் இருக்காங்க?"

"மாமா இருக்காரு" என்றார் லூர்துபிரகாஷ். இதையாவது சரியாகச் சொன்னோமே என்று நிமிர்ந்தார்.

ரோசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அவரு தனியாப் போயிட்டாருடா. ரெண்டு வருஷம் ஆச்சு."

ரெண்டு வருஷம்! தினம் எதிரே உட்கார்ந்து இஸ்பேட்டும் டைமனும் கேட்டுக்கொண்டிருந்தவள், தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். திட்டியிருந்தாலாவது தேவலாம். அவள் திட்டவில்லை.

தலைவருக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. "பேஷ்! திரு. லூர்துபிரகாஷ் அவர்களுக்குத் தம் கூட்டாளியைப் பற்றி எள்ளளவும் தெரியாது என்பது ஐயந்திரிபற நிரூபணமாகிறது. அவர் நிரபராதி. அவருக்குக் கழகம் புரிந்துணர்வின்மைச் சான்றிதழ் வழங்கிக் கௌரவிக்கிறது. எல்லாம் தெரிந்து வைத்திருந்த மதாம் ரோசாவுக்குக் கழக மேஜைகளில் ஆடத் தடை விதிக்கப்படுகிறது."

"மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு ரோசா திரையை அணைத்தாள்.

சான்றிதழ் தங்க நிற ஓரத்தோடு வந்தது. அதைப் பார்த்ததும் ஊருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஒன்றும் தெரியாது என்று அரசாங்க முத்திரை மாதிரி ஒரு முத்திரை குத்திக் கொடுத்தால் யாருக்குத்தான் வேண்டாம்? மனைவியோடு ஆடும் ஆண்களெல்லாம் விண்ணப்பித்தார்கள். முதல் ஆளாக ஹரிகிருஷ்ணன் வாங்கினார். சுமலதாவுக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அவகிட்டயே கேளுங்க" என்று சொல்லி முதல் கேள்வியிலேயே தேறினார். ஒருவருக்கு மட்டும் மனைவியின் பிறந்தநாள் தெரிந்துவிட்டது. பதறிப்போய் மேல்முறையீடு செய்தார். நவம்பர் ஒன்று புதுச்சேரி விடுதலை நாள், லீவு விடுவதால்தான் ஞாபகம் என்று வாதாடினார். அது அன்பால் வந்த அறிவு அல்ல, விடுமுறையால் வந்தது என்று ஏற்றுக்கொண்டு அவருக்கும் கொடுத்தார்கள். கூடத்தில் கல்யாண போட்டோவை இறக்கிவிட்டு அந்த ஆணியில் சான்றிதழை மாட்டுவது நாகரிகம் ஆயிற்று.

தலைவர் தன்னையும் தானே விசாரித்துக்கொண்டார். லினெட்டுக்கு அவரைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது, அவர் பைலை எந்தப் பக்கத்தில் மடித்துவைத்துத் தூங்குவார் என்பது உட்பட. அவருக்கு லினெட்டைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. தயவு தாட்சண்யம் பார்க்காமல் மனைவியைத் தடை செய்துவிட்டுத் தனக்குச் சான்றிதழ் வழங்கிக்கொண்டார்.

கணவனைத் தெரிந்துவைத்திருந்த குற்றத்துக்காக மனைவிகள் எல்லாரும் தடைபட, கடைசியில் கழகத்தில் ஒரு பெண்கூட மிஞ்சவில்லை. ஆண்களுக்குக் கூட்டாளியாக இணையதளம் ரோபோக்களைக் கொடுத்தது. ரோபோ ஒவ்வொரு ஏலத்துக்கும் பிசகாமல் அர்த்தம் எழுதியது. இது அல்லவா ஒழுக்கம் என்று தலைவர் பூரித்தார்.

லூர்துபிரகாஷுக்கு ரோபோவோடு சோறு இறங்கவில்லை. அக்காவைத் திரும்பக் கொண்டுவர வழி தேடி விதிகளைப் புரட்டினார். தப்பு, புரிந்துகொண்டதில் இல்லையே, வெளியே சொல்லாததில்தானே? இரண்டு பேரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எல்லாம் தெரிந்துகொண்டு, அத்தனையும் முன்கூட்டியே அறிவித்துவிட்டால்? பரீட்சைக்குப் படிப்பதுபோல் அக்காவைப் படித்துவிடுவது என்று முடிவு செய்து போன் போட்டார்.

"அக்கா, எந்த முட்டி?"

"எதுக்குடா? கமிட்டிக்கா?"

"ஆமா."

"வலது."

மறுநாள் காப்பகத்தைப் பற்றிக் கேட்டார். அதற்கடுத்த நாள் ராத்திரி தனியாக என்ன சமைக்கிறாள் என்று கேட்டார். ஒருநாள் தயங்கித் தயங்கி மாமாவைப் பற்றிக் கேட்டார். ரோசா நெடுநேரம் அழுதாள். லூர்துபிரகாஷும் அழுதார். கமிட்டிக்கு வேண்டியதெல்லாம் எப்போதோ கிடைத்துவிட்டது. இருந்தும் சாயங்காலமானால் கை போனுக்குத்தான் போனது.

மறு விசாரணையில் லூர்துபிரகாஷ் அத்தனை கேள்விக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னார். கேட்காததையும் சொன்னார். தலைவர் முகம் வெளிறியது.

"வெளிப்படுத்திட்டோம் சார், முழுசா. இனி அக்கா ஆடலாம் இல்ல?"

"வெளிப்படுத்திய அளவைப் பார்த்தால், வெளிப்படுத்தாதது இன்னும் எவ்வளவு இருக்குமோ என்ற நியாயமான அச்சம் எழுகிறது" என்றார் தலைவர். "தங்கள் சான்றிதழ் ரத்து. இருவருக்கும் ஆயுட்காலத் தடை."

"அப்ப சரி சார், நான் வரேன். அக்கா போனுக்குக் காத்துக்கிட்டு இருப்பா."

மற்றவர்கள் கலைந்தார்கள். திரையில் இரண்டு பேர்தான் மிச்சம். தலைவர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவருக்குப் பின்னால் சுவரில் சான்றிதழ் பளபளத்தது.

"மெஸியே லூர்து, ஒரு நிமிஷம். லினெட் எங்கிட்ட பேசியே பதினஞ்சு நாளாவுது. வீட்டுல ரோபோதான் பேசுது. நீங்க உங்க அக்காகிட்ட எப்படி ஆரம்பிச்சீங்க?"

"முட்டியில இருந்து ஆரம்பிச்சேன் சார்."

உள்ளே இருந்து லினெட்டின் குரல் வந்தது. "என் முட்டிக்கு ஒண்ணும் கேடில்ல. ஆறு மாசமா மாருலதான் ஏதோ..."

தலைவர் துள்ளி எழுந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"ஐயோ லினெட், சொல்லாத! சர்ட்டிபிகேட் போயிடும்!"