இரண்டாவது பேட்டரி எதற்கு?

தெற்கு டெக்சாஸில் நாங்கள் மனிதர்களை இரண்டாகத்தான் பிரிக்கிறோம்: வண்டியை ஓட்டுகிறவர்கள், வண்டியைத் திருத்துகிறவர்கள். முதல் வகையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாவியைத் திருப்புவார்கள், போவார்கள், வருவார்கள். இரண்டாவது வகையைப் பார்க்கவேண்டுமானால் வாசல்களைப் பாருங்கள். எந்த வாசலில் பானெட் திறந்து, அதற்குள் ஒரு மனிதர் இடுப்புவரை மூழ்கிக் கிடக்கிறாரோ, அவர்தான்.

எலிசியோ பாரேரா அந்த வகையின் திலகம்.

அவர் வீட்டுக்கு நீங்கள் போனால், "வாங்க" என்பதற்கு முன்னால் தன் டீசல் வண்டியின் பானெட்டைத் திறப்பார். புது வீட்டை மந்திரிக்க வந்த பாதிரியாரைக்கூட முதலில் அங்கேதான் நிறுத்தினார். பாவம், அந்த நல்ல மனிதர் தீர்த்தத்தில் பாதியை இன்ஜினுக்குத் தெளித்துவிட்டு மீதியோடுதான் உள்ளே போனார். பிறகு வரும் அந்தக் கேள்வி. அதிலிருந்து யாரும் தப்பமுடியாது.

"இதுல கம்பெனிக்காரன் எத்தனை பேட்டரி வச்சான், சொல்லுங்க பாப்போம்?"

"ரெண்டா?"

"ரெண்டு! ஏன்? அவன் வடக்கே பனிக்குள்ள உக்காந்து வண்டி செய்யறான். டீசல் இன்ஜின் குளிர்ல எழுந்திருக்க அடம்பிடிக்கும், ரெண்டு பேர் சேர்ந்து எழுப்பணும். இங்க பிப்ரவரியிலயே ஸ்டீயரிங் கையைச் சுடுது. நமக்கு எதுக்குய்யா ரெண்டாவது?"

எனவே இரண்டாவதைக் கழற்றி, மைத்துனனின் மீன்பிடிப் படகுக்குக் கொடுத்துவிட்டார். காலியான இடத்தில் என்ன வைத்தார் என்கிறீர்கள்? மனைவி ஹெர்மினியா கிறிஸ்துமஸுக்குச் சோளமாவு டமாலே அவிக்கும் பெரிய அலுமினியப் பானையை. அதன் வயிற்றில் துளை போட்டு, உள்ளே பானை கொள்ளும் மட்டும் பெரிய ஒரு ஏர் ஃபில்டரைத் திணித்து, தும்பிக்கை போன்ற குழாயால் இன்ஜினோடு இணைத்து, மூன்று மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதிலேயே கரைத்து, கடைசியில் முடுக்கிக் காட்டியபோது அவர் கண் கலங்கியதை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

"கேளு ஹெர்மினியா, கேளு! இத்தனை வருஷம் மூக்கடைச்சுக் கிடந்துது. இப்பத்தான் மூச்சு விடுது!"

"பானை எங்கே?" என்றாள் ஹெர்மினியா.

அந்த வருடம் இரவல் பானையில்தான் டமாலே வெந்தது.

ஹெர்மினியாவுக்கும் ஓர் ஆசை உண்டு, ஒன்றே ஒன்று. ஜனவரியில் வட்டாரச் சந்தைத் திடலில் நடக்கும் இறைச்சி வாட்டும் போட்டியில் முதல் பரிசு. மூன்று வருடமாக இரண்டாம் பரிசு. முதல் பரிசுக்குக் கொடுக்கும் நீல ரிப்பன் மூன்றும் வேறொருத்தி வீட்டில் தொங்குகின்றன. இந்த முறை விலா எலும்புக்கு மசாலா தடவி, சக்கரம் வைத்த தன் பெரிய இரும்பு அடுப்பைத் துடைத்து, எல்லாம் தயார். திடல் அரை மணி நேரத் தூரம். காலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்துவார்கள். அதன்பிறகு ஆளுநரே அடுப்போடு வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

முந்தின நாள் வானொலியில் வாடைக்காற்று வருகிறது என்றார்கள்.

"சொல்றவன் வடக்கத்தியான்," என்றார் எலிசியோ.

வந்தது. காலையில் கருவேலமரத்து இலையெல்லாம் கண்ணாடி பூசியதுபோல் நின்றன. ஆறே முக்காலுக்கு அடுப்பு வண்டியின் பின்னால் பூட்டியாகிவிட்டது. ஹெர்மினியா இறைச்சிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். எலிசியோ சாவியைத் திருப்பினார்.

உர்ர்ர்... உர்ர்... உர்.

"ஒண்ணுமில்ல. காத்து கனமா இருக்கு."

உர். டிக்.

ஏழு மணி. டிக். ஏழு ஐந்து. டிக். அவர் இறங்கினார், பானெட்டைத் திறந்தார், பானையை அன்போடு தட்டினார், மூடினார். டிக்.

எதிர்வீட்டு ஓடிலியா டீச்சர் போர்வை போர்த்திக்கொண்டு வந்து நின்றார். அவரிடமும் அதே கம்பெனி வண்டி, அதே வயது. வாங்கிய நாளிலிருந்து அவர் பானெட்டைத் திறந்ததே இல்லை. திறக்கிற பிடி எங்கே இருக்கிறதென்று தெரியாது.

"எலிசியோ, வயர் இருக்குப்பா. என் வண்டியிலேர்ந்து கரண்ட் எடுத்துக்கோயேன்."

"வேண்டாம் டீச்சர். இது அடுத்தவங்க கிட்ட கைநீட்டற வண்டி இல்ல."

"மணி ஏழே கால், எலிசியோ," என்றாள் ஹெர்மினியா.

"வெயில் வரட்டும். அஞ்சு நிமிஷம்."

"வெயில் பத்து மணிக்கு வரும். கதவை எட்டு மணிக்குச் சாத்திடுவாங்க."

அவருக்குத் தெரியாதா? மூன்று வருடமாக அவள் மேடையிலிருந்து இரண்டாவது ஆளாக இறங்கிவந்த முகம் அவர் நெஞ்சில் இருக்கத்தான் செய்தது. 'வயரைக் கொடுங்க டீச்சர்' என்ற மூன்றே சொல் தொண்டைவரை வந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டால், பாதிரியாரிலிருந்து மைத்துனன்வரை பானெட்டுக்குள் எட்டிப்பார்த்த அத்தனை பேருக்கும் பதில் சொல்லவேண்டுமே! விழுங்கிவிட்டார்.

ஹெர்மினியா இறங்கினாள். அடுப்பின் கொக்கியைக் கழற்றினாள். டீச்சர் தன் வண்டியைப் பின்னால் கொண்டுவந்தார்; அது முதல் திருப்பிலேயே, வெட்கமில்லாமல், கிளம்பியிருந்தது. இரண்டு பெண்களுமாக அடுப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அதுக்கு மூச்சு அடைக்கும் டீச்சர்!" என்று பின்னாலேயே கத்தினார் எலிசியோ. "மேட்டுல திணறும்!"

திணறவில்லை. ஏழு ஐம்பத்திரண்டுக்குத் திடலுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

வெயில் ஏறியதும் எலிசியோவின் வண்டியும் கிளம்பியது. பறந்து போனார். வழியெல்லாம் மன்னிப்பு வசனம் ஒத்திகை பார்த்தார், அழுகையே வந்துவிட்டது. மாலையில் ஒலிபெருக்கி, "முதல் பரிசு, ஹெர்மினியா பாரேரா!" என்று முழங்கியபோது அவள் மேடையேறி, ரிப்பனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடினாள்.

அந்த முகம் வண்டி நிறுத்துமிடத்தில், பானெட்டுக்குள் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான், "என்னண்ணே, சத்தம் வித்தியாசமா இருக்கு?" என்று கேட்டுவிட்டான்.

"குளிர்னால ஒரு நாள் படுத்துச்சு. அது வண்டி தப்பு இல்ல, வானத்துத் தப்பு..."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: நடுவில் எங்கோ, 'ஒற்றைப் பேட்டரி தப்பில்லை, இன்னும் பெரிதாக ஒன்று போட்டிருக்கவேண்டும், கேபிளும் கொஞ்சம் தடிமனாக...' என்று உங்கள் உதடு அசைந்ததா இல்லையா?

அசைந்தது. அப்படியென்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு உடனே வீட்டுக்குள் போங்கள். நாளைக் காலை உங்கள் ஹெர்மினியா எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று கேளுங்கள்.