ஹாக்கி டீமும் பாம்பன் சம்மாட்டியும்

ஹாக்கியில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று தெரியாமலேயே ஹாக்கி டீம் நடத்திய மனிதர், இந்தப் பூமியில் எங்கள் சம்மாட்டி ஒருவராகத்தான் இருக்க முடியும். "பன்னெண்டாவதா ஒருத்தன் இறங்குனா என்னய்யா? சோறு நான்தானே போடுறேன்?" என்று நடுவரிடமே சண்டைக்குப் போனவர் அவர்.

பாம்பன் பக்கம் படகு முதலாளியைச் சம்மாட்டி என்பார்கள். இவருக்கு நான்கு விசைப்படகு, ஒரு ஐஸ் கம்பெனி, அப்புறம் நாங்கள். மாதச் சம்பளம் கொடுத்து, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் மூன்று அறை ஒதுக்கி, மூன்று வேளையும் மீன் குழம்பு ஊற்றி வளர்த்த பதினாறு ஆட்டக்காரர்கள். நான் கோல் கீப்பர். வாலிநோக்கத்து உப்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை, என் ஆட்டத்தைப் பார்த்து அவர் எடுக்கவில்லை. என் பாதத்தைப் பார்த்து எடுத்தார். "உப்புல நின்ன காலு. எதுக்கும் அசையாதுலே" என்றார்.

படகுத் தொழிலில் அவரைப் போல ஒரு முதலாளி கிடையாது. படகு கரையை விட்டுப் போய்விட்டால் வாயைத் திறக்க மாட்டார். எங்கே வலை விடுவது, எப்போது திரும்புவது எல்லாம் படகோட்டுகிற டிரைவர் பொறுப்பு. படகு திரும்பி வந்ததும் மற்ற சம்மாட்டிகள் "பாடு எப்படி?" என்று மீன்வரத்தைக் கேட்பார்கள். இவர் முதலில் தலைகளை எண்ணுவார். "ஆளுக எல்லாம் சரியா?" என்பார். மீன் விசாரணை அதற்கு அப்புறம்தான்.

இவ்வளவு தங்கமான மனிதருக்கு ஹாக்கி என்று வந்தால் மட்டும் கை சும்மா இருக்காது. எல்லாம் தடைக்காலம் செய்த வேலை. மீன்கள் குஞ்சு பொரிப்பதற்காகக் கோடையில் இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. ஹாக்கிப் போட்டிகள் நடப்பதும் அதே கோடையில்தான். நான்கு படகுகளுக்குச் செலவாக வேண்டிய மூளை மொத்தமும் அந்த இரண்டு மாதம் எங்கள் தலையில் இறங்கும்.

ஒருமுறை பயிற்சி மைதானத்தில் கோல் வலை கிழிந்துபோனது. புது வலை வாங்க வேண்டும் என்றார் மாஸ்டர். மாஸ்டர் என்பவர் கோவில்பட்டியிலிருந்து வந்த எங்கள் பயிற்சியாளர், அதிகம் பேசாதவர். சம்மாட்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் போயி கடையில வலை வாங்கவா? ஊரு சிரிக்காது?" என்று படகிலிருந்த பழைய வலையையே கட்டச் சொல்லிவிட்டார். அந்த வாரம் நான் பந்திடமிருந்து கோலைக் காப்பாற்றியதைவிட, பூனைகளிடமிருந்து வலையைக் காப்பாற்றியதுதான் அதிகம்.

மீன் படவில்லை என்றால் இடத்தை மாற்று என்பது கடலில் உள்ள வழக்கம். அதை அவர் கேப்டன்கள் மேல் பிரயோகித்தார். ஒரே ஆட்டத்தில் மூன்று கேப்டன்களை மாற்றிய வரலாறு எங்களுக்கு உண்டு. மூன்றாவது ஆள் ஏர்வாடி ஜாகிர். கேப்டன் பட்டையைக் கையில் வாங்கும்போதே, "யா அல்லாஹ், எத்தனை நிமிசத்துக்கு?" என்று கேட்டான்.

எல்லாவற்றுக்கும் சிகரம், அந்த வருட அரையிறுதி. ஆட்டம் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சம்மாட்டியின் கண்ணில் கடைசி நேரத்தில் நான் பட்டுத் தொலைத்தேன்.

"ஏலே! பத்துப் பேரு நாக்குத் தள்ள ஓடுறான். நீ மட்டும் என்னலே அங்கன நட்டு வச்ச மாதிரி நிக்கிறே? முன்னால ஏறிப் போலே!"

சோறு போடுகிற மனிதர் சொல்கிறார். காலில் தலையணை மாதிரி இரண்டு பேடுகளைக் கட்டிக்கொண்டு நானும் ஏறிப் போனேன். பாதி மைதானத்தில் பந்து என்னைத் தாண்டி எதிர்த் திசையில் போனது. ஆளில்லாத கோலுக்குள் அது நிதானமாக நுழைந்ததை அங்கிருந்தே நின்று பார்த்தேன். மாஸ்டர் தன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்.

தோற்றுத் திரும்பிய எங்களைச் சம்மாட்டியின் மகள் ஆக்னஸ் அக்கா வாசலிலேயே நிறுத்தினார். ஐஸ் கம்பெனி நிர்வாகம் முழுக்க அவர் கையில்தான்.

"அப்பா, அடுத்த வருசம் கப்பு வரணும். வரலைன்னா டீமைக் கலைச்சுட்டு, அந்த மூணு ரூமுலயும் வலையைப் போட்டு வைக்கப் போறேன். வலையாச்சும் மீன் புடிக்கும்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். மற்றவர்களுக்குப் போக வேறு இடம் இருந்தது. எனக்கு உப்பளம்தான். அதை நினைத்ததுமே பாதம் எரிய ஆரம்பித்துவிட்டது.

அடுத்த வருடம் தட்டுத் தடுமாறி இறுதிப் போட்டி வரை வந்துவிட்டோம். போட்டியன்று காலை மைதானத்தில் சம்மாட்டி ஒரு வாக்கி-டாக்கியோடு வந்து நின்றார். படகுக்காரர்கள் கடலில் பேசிக்கொள்வது. ஆட்டம் முழுக்க மாஸ்டர் அதைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். மாஸ்டர் அதை வாங்கிப் பார்த்தார். அவர் பை தோளில் தயாராகத் தொங்கியது.

"அண்ணாச்சி, உங்க போட்டு கடலுக்குப் போயிட்டா யாரு பேச்சைக் கேக்கும்?"

"டிரைவர் பேச்சை."

"நீங்க இடையில ஒண்ணும் சொல்ல மாட்டீங்களோ?"

"கரையில நிக்கிறவனுக்குக் கடல்காத்து எப்படித் தெரியும் மாஸ்டர்? நான் சொல்லப் போனா போட்டு கவுந்துரும்."

மாஸ்டர் வாக்கி-டாக்கியைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தார். "இதுவும் ஒரு போட்டுதான் அண்ணாச்சி. மூணு வருசமா நடுக்கடல்ல சுக்கானைப் புடிச்சு இழுக்கிறது நீங்கதான். இன்னைக்கும் இழுத்தா நான் பஸ் ஏறிருவேன்."

சம்மாட்டியின் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. "பாத்தா பேசிருவேன் மாஸ்டர். எனக்கு என்னையத் தெரியும்" என்றார்.

சொல்லிவிட்டுத் தன் நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டார். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே இருந்த சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்து உட்கார்ந்தார். கூட்டம் மொத்தமும் ஆட்டத்தைப் பார்க்க, ஒருவர் மட்டும் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் எழும்போதெல்லாம் அவர் தோள் தூக்கிப் போடும். பக்கத்திலிருந்த சுண்டல்காரரிடம், "யாரு அடிச்சா? நம்ம ஆளா?" என்பார். "நான் யாவாரத்தைப் பாக்கவா, பந்தைப் பாக்கவா?" என்பார் அவர். ஆனாலும் சம்மாட்டி திரும்பவில்லை.

அன்று ஜாகிர் முழு ஆட்டத்துக்கும் கேப்டனாக இருந்தான். அதில் அவனுக்கே ஆச்சரியம். ஆட்டம் சமனில் முடிந்து ஷூட்-அவுட்டுக்குப் போனது. எதிரணி ஆள் ஒருவன் பந்தோடு தனியாக வருவான், நான் தனியாகத் தடுக்க வேண்டும். கடைசி ஆள் வரும்போது நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். இவனைத் தடுத்தால் கப்பு எங்களுக்கு.

கோட்டோரம் பார்த்தேன். அந்த வெள்ளைச் சட்டை முதுகு அப்படியே இருந்தது. கத்தாமல் இருக்க அந்த மனிதர் படும் அவஸ்தை முதுகிலேயே தெரிந்தது. அவர் வாய் திறக்கவில்லை, ஆனால் போன வருடம் கத்தியது என் காதில் கேட்டது. முன்னால ஏறிப் போலே! வேடிக்கை என்னவென்றால், ஷூட்-அவுட்டில் கோல் கீப்பர் செய்ய வேண்டியது அதுதான். கோட்டிலேயே நின்றால் தொலைந்தான். ஏறிப் போனேன். அவன் திணறி அடித்த பந்து என் பேடில் பட்டு வெளியே ஓடியது.

எல்லோரும் என் மேல் விழுந்தார்கள். எழுந்து பார்த்தால் நாற்காலி இன்னும் திரும்பவில்லை. ஓடிப் போய் அவர் பின்னால் நின்று, "அய்யா" என்றேன்.

திரும்பாமலேயே கேட்டார். "ஏலே, ஆளுக எல்லாம் சரியா?"

"சரியா இருக்கோம்யா."

"பாடு?"

"கப்புய்யா!"

அப்போதுதான் திரும்பினார். கண் முழுக்கத் தண்ணீர். கடைசிப் பந்தை எப்படித் தடுத்தேன் என்று சொன்னேன். அவ்வளவுதான், பழைய சம்மாட்டி எழுந்துவிட்டார். "முன்னால ஏறிப் போன்னு போன வருசமே சொன்னேனா இல்லையாலே?"

"சொன்னீங்க அண்ணாச்சி" என்றார் மாஸ்டர். அவர் சம்மாட்டியோடு ஒத்துப்போனது அன்று ஒருநாள்தான்.

அந்த அறைகளில் இன்றுவரை வலை ஏறவில்லை. எனக்குப் பதில் வேறொரு பையன் கோல் நிற்கிறான். அந்தக் கப்பின் புண்ணியத்தில் எனக்கு ராமநாதபுரத்தில் ஒரு ஆபீஸ் வேலை கிடைத்தது. தடைக்காலம் வந்தால் பாம்பனுக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவேன். கட்டிக் கிடக்கும் படகுகளுக்கு எதிரே உட்கார வைத்து, "சொல்லுலே அந்தக் கதையை. நான்தான் பாக்கலையே" என்பார். கண்ணை மூடிக்கொள்வார்.

நானும் சொல்வேன். ஒவ்வொரு வருடமும் ஒரு பந்து கூடுதலாகத் தடுத்துவிடுகிறேன். போன மாதம் கணக்கு ஒன்பதுக்கு வந்துவிட்டது. ஷூட்-அவுட்டில் மொத்தமே ஐந்து பேர்தான் அடிப்பார்கள் என்பதை ஆக்னஸ் அக்கா அவருக்கு எப்போதோ சொல்லிவிட்டாராம். ஆனாலும் சம்மாட்டி ஒருநாளும் என்னைத் திருத்தியதில்லை. எங்களுக்காக அவர் பார்க்காமல் விட்டதற்கு, இன்னும் எத்தனை பந்து வேண்டுமானாலும் தடுப்பேன்.