தராசு அண்ணனும் மூன்று டெம்ப்ளேட்டுகளும்

பாலக்காடு ஜில்லாவிலேயே ஒரு சட்டை எடுக்க நாலு மாதம் யோசித்த மனிதர் எங்கள் தராசு அண்ணனாகத்தான் இருக்க வேண்டும். அவர் முடிவுக்கு வந்தபோது கடைக்காரர் அந்தச் சட்டையைத் தன் மருமகனுக்குக் கொடுத்திருந்தார். டீயா காப்பியா என்று அவரைக் கேட்பதை டீக்கடையில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். முதலமடையில் உரக்கடை மாடியில் இருந்த எங்கள் சின்ன சாஃப்ட்வேர் ஆபீசுக்கு அவர்தான் தலை.

ஒரு மாந்தோப்புக்காரருக்கு ஜாவாவில் இணையதளம் செய்துகொண்டிருந்தோம். பக்கங்களை எந்த டெம்ப்ளேட்டில் எழுதுவது? ஜேஎஸ்பியா, ஃப்ரீமார்க்கரா, தைம்லீஃபா? ஒரே பக்கத்தை மூன்றிலும் எழுதி வைத்துக்கொண்டு அண்ணன் மூன்று வாரம் ஜாதகம் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவரைக் கேட்காமலே எல்லாவற்றையும் ஜேஎஸ்பியில் எழுதி முடித்தேன், விலைக் கணக்கு உட்பட அத்தனையையும் பக்கத்துக்குள்ளேயே திணித்து. அந்த வாரம்தான் என் புரொபேஷன் முடிகிறது. தோப்புக்காரர் சரி என்றால் வேலை நிலைக்கும், இல்லையென்றால் ஊட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

அண்ணன் கோபப்படவில்லை. "செல்வியக்கா கை வெச்சுப் பாக்கட்டும் அம்மிணி" என்றார்.

செல்வியக்கா தோப்பில் காய் தரம் பிரிப்பவர். எந்த ரகம் மேலே என்று விலைப்பலகையில் தினமும் மாற்றி எழுதுவதும் அவர்தான். இணையப் பக்கத்தையும் அவரே மாற்ற வேண்டும் என்பது தோப்புக்காரரின் நிபந்தனை.

தோப்புக்குப் போனோம். தோப்புக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, நான் எழுதிய பக்கத்தில் அக்கா செந்தூரத்தைப் பங்கனப்பள்ளிக்கு மேலே நகர்த்தினார். கூடவே என் கணக்கிலிருந்து ஓர் அடைப்புக்குறியும் நகர்ந்தது. திரை முழுக்கப் பிழைச்செய்தி கொட்டியது. நான் ஒண்ணும் பண்ணலீங்க என்று அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, இதை ஆரு எழுதுனது?" என்றார் தோப்புக்காரர்.

நான் பிழைச்செய்தியைப் படிப்பதுபோல் திரைப்பக்கம் குனிந்துகொண்டேன்.

"நாஞ்சொல்லித்தானுங்க அம்மிணி எழுதுச்சு. தப்பு என்னுதுங்க" என்றார் அண்ணன். சொல்லிக்கொண்டே தன் லேப்டாப்பில் தைம்லீஃப் பக்கத்தைத் திறந்தார். சர்வர் இல்லாமலே அது சாதாரணப் பக்கமாகத் திறந்தது. அக்கா வரியை மாற்றினார், கணக்கெல்லாம் பக்கத்துக்கு வெளியே இருந்ததால் ஒன்றும் உடையவில்லை. தோப்புக்காரர் தலையாட்டினார். என் வேலை தப்பியது.

"எதுக்குங்கண்ணா பொய் சொன்னீங்க?" என்று திரும்பும் வழியில் கேட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை.

"பொய்யில்ல அம்மிணி. மூணு வாரம் எதுன்னு வாயத் தொறக்காம இருந்தது நாந்தானே."

இன்றுவரை அதைப் பொய் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பொய் போட்ட சோற்றைத்தான் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.