முழங்கால் இடித்த விமானம்

உயரமானியும் ரேடியோவும் ஒரே இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. உயரமானியை அங்கே வைத்தால் ரேடியோ விமானத்துக்கு வெளியே போய் நின்றது. ரேடியோவை வைத்தால் உயரமானி பெட்ரோல் அளவு காட்டும் முள்ளின் தலையில் ஏறி உட்கார்ந்தது. டெல்மர் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். எல்லாம் அட்டையில் வெட்டிய வட்டமும் சதுரமும்தான். ஆனால் சாப்பாட்டு மேசை முழுவதும் அவைதான் பரவிக் கிடந்தன. மனைவி நோரீன் சுடச்சுட உருளைக்கிழங்குச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை எங்க வைக்கட்டும்?"

"வேகமானிக்கு இடது பக்கம்," என்றார் டெல்மர், நிமிராமலே.

டெல்மர் விஸ்கான்சினில் பால் டேங்கர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறடிக்கு மேல் உயரம், அதில் பாதிக்கு மேல் கால். வீட்டுக் கார் ஷெட்டில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் இது அதிசயமில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு பல் டாக்டர் தன் இரண்டாவது விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். டெல்மரின் விமானத்துக்கு இறக்கை, எஞ்சின், சக்கரம் எல்லாம் தயார். அது வளர வளர நோரீனின் கார் தெருவுக்குப் போய், பனிக்காலம்தோறும் பனிக்குள் புதைந்து எழுந்தது. மிச்சம் இருந்தது விமானியின் முகத்துக்கு நேரே வரும் கருவிப் பலகை மட்டும்.

இதற்கு நடுவில் டெல்மரின் இதயத்தில் ஓர் அடைப்பு வந்தது, ஆஸ்பத்திரியில் சரி செய்தார்கள். பறக்கலாம், ஆனால் தனியாக வேண்டாம், விமானம் ஓட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். டெல்மர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

அவருக்குத் தெரிந்த விமானி கஸ். சோள வயல்களுக்கு மருந்து தெளித்துப் பறந்த காலத்தில் ஒல்லியாக இருந்தவர். இப்போது இருவரும் விமானத்துக்குள் உட்கார்ந்தபோது மேலே கண்ணாடி மூடி சாத்தவில்லை. கஸ் மூச்சை உள்ளே இழுத்தார், மூடி சாத்திக்கொண்டது. மூச்சை விட்டதும் திறந்துகொண்டது.

"அப்ப டாக்டர் சொன்னது?" என்றார் கஸ்.

"பறக்கலாம்னு சொன்னாரு. அதுவரைக்கும் கேட்டுக்கிட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். காப்பி கொண்டுவந்த நோரீன் கதவருகே நின்று இதைக் கேட்டாள். காப்பியை வைத்தாள். காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அட்டையை மேசையில் படுக்கவைத்துப் பார்ப்பதால் பயனில்லை, நிமிர்த்திப் பார்க்க வேண்டும் என்று டெல்மருக்குத் தோன்றியது. இஸ்திரிப் பலகையின் மேல் அட்டையை நிறுத்திக் கட்டினார். அதற்கு முன்னால் ஒரு சமையலறை நாற்காலி. ஓட்டுகிற தடிக்குப் பதிலாக, கழிப்பறை அடைப்பை எடுக்கும் ரப்பர் குச்சி. நாற்காலியில் அவரே உட்கார்ந்தால் கருவிகளை நகர்த்தி ஒட்ட ஆளில்லை. அதனால் நோரீனை உட்காரச் சொன்னார்.

டெல்மரின் தோளுக்கும் எட்டாத நோரீன் முழங்கால்களுக்கு நடுவே ரப்பர் குச்சியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தாள்.

"வேகமானி ஏன் அந்தக் கோடியில இருக்கு? தரை இறங்கும்போது அதைத்தானே பாத்துக்கிட்டே இருக்கணும்?"

டெல்மர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். அவள் சொன்னது சரிதான். இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"ராத்திரி பூரா தூக்கத்துல இதைத்தானே புலம்புற," என்றாள் நோரீன்.

வேகமானி நடுவுக்கு வந்தது. அது வந்ததும் திசைகாட்டிக்கு இடமில்லாமல் போயிற்று. இந்தத் தொல்லையே வேண்டாம், எல்லா முள்ளையும் ஒரே திரையில் காட்டுகிற புதுக் கருவி ஒன்றை வாங்கிப் போட்டுவிடு என்று கஸ் யோசனை சொன்னார். டெல்மர் வாங்கிவிட்டார். வந்த பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், சின்ன டி.வி. மாதிரி இருந்தது. அதை நடுவில் வைத்ததும் ரேடியோ கீழே இறங்கியது. அட்டையை விமானத்துக்குள் கொண்டுபோய் உட்கார்ந்து பார்த்தால், டெல்மரின் முழங்கால் ரேடியோவில் இடித்தது.

முழங்காலைக் காப்பாற்றப் பலகையையே மேலே தூக்கினார். அப்போது விமானத்தின் மூக்குப் பக்கம் வெளியே ஒன்றும் தெரியவில்லை. வெளியே தெரிவதற்காக அடியில் ஒரு மெத்தையைப் போட்டு உட்கார்ந்தார். வெளியே நன்றாகத் தெரிந்தது. ஆனால் தலை கண்ணாடி மூடியில் முட்டி, கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்கப் பழகிப் பார்த்தார். ராத்திரி சாப்பாட்டிலும் கழுத்து அதே பக்கமாகவே இருந்ததால் நோரீன் சூடான துணியால் ஒத்தடம் கொடுத்தாள்.

அட்டை பழையபடி கீழே இறங்கி, இஸ்திரிப் பலகைக்கே திரும்பியது. இப்போது திரையின் பின்பக்க ஒயர்களுக்கு இடமில்லை. பலகையை முன்னே இழுத்து, இருக்கைப் பக்கமாகக் கொண்டுவந்தார்.

"இப்பத்தான் எல்லாம் கைக்கு எட்டுது," என்றாள் நாற்காலியில் இருந்த நோரீன். "ரேடியோவையும் இப்படி இடது பக்கமா தள்ளிட்டா, வலது பக்கம் உட்கார்றவங்க காலை நீட்டிக்கலாம் பாரு."

வலது பக்கம் உட்காரப்போவது அவள்தானே, இத்தனை நாள் காரைப் பனியில் விட்டவளுக்கு இந்தச் சௌகரியமாவது இருக்கட்டும் என்று டெல்மர் நினைத்தார். ரேடியோவை இடது பக்கம் தள்ளினார்.

இப்படியே பனிக்காலம் போயிற்று. செவ்வாய்க்கிழமைகளில் நோரீன் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். அன்றைக்கு டெல்மர் ஆறிப்போன சாப்பாட்டை நின்றபடியே தின்றுவிட்டு அட்டைக்கு முன்னால் நிற்பார். தனியாக நிற்கும்போது எதை எங்கே நகர்த்துவது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. புதன்கிழமை அவள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து ரப்பர் குச்சியைப் பிடித்தால்தான் வேலை நகர்ந்தது. நடுவில் ஒருநாள் எழுத்தெல்லாம் சின்னதாக இருக்கிறது என்றாள். பெரிதாக எழுதினார். சுவிட்சுகள் இன்னும் ஒரு விரல் தாழ இருக்கட்டும் என்றாள். தாழ்த்தினார்.

பனி உருகிய பிறகு அட்டையைத் தகட்டின் மேல் வைத்துக் கோடு இழுத்து, டெல்மர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். அழகான பலகை. அதை விமானத்தில் பொருத்திவிட்டு, தகட்டுப் பலகையோடு முதல் தடவையாக, விமானியின் இடமான இடது பக்க இருக்கையில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தார்.

ரேடியோ ஒரு முழங்காலில் இடித்தது. சுவிட்சுகள் இன்னொரு முழங்காலில். தடியைத் திருப்பினால் தொடையில் வந்து நின்றது. இரண்டு கால்களையும் அகட்டி, பால் கறக்க உட்கார்ந்தவர் போல இருந்து பார்த்தார். அப்படி உட்கார்ந்தால் கால் மிதியை எட்டவில்லை.

இறங்கி வலது பக்கம் போய் உட்கார்ந்தார். கால் தாராளமாக நீண்டது. அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் துக்கமாகிவிட்டது.

நோரீன் தேடி வந்தபோது அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை வருஷம் கட்டினேன் நோரீன். என் விமானத்துல எனக்கு உட்கார இடம் இல்ல."

நோரீன் சுற்றிக்கொண்டு போய் அவர் பக்கத்தில், இடது பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். தலைக்கு மேல் கண்ணாடி மூடியை இழுத்தாள். சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. இருவரும் கார் ஷெட்டின் சுவரைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"இருக்கேப்பா," என்றாள். "இப்ப உட்கார்ந்துதானே இருக்க."

டெல்மர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். பாவம், ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். இன்னொரு தகடு வாங்கி முதலிலிருந்து வெட்டிவிடலாம் என்றுகூட யோசித்தார். ஆனால் விமானத்தைச் சோதிக்க அதிகாரிக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று. வரட்டும், சான்றிதழ் வாங்கிவிடுவோம், முழங்காலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

சோதனை அதிகாரி ரோசலி, குட்டையான, கறாரான பெண்மணி. டார்ச்சை அடித்து ஒவ்வொரு ஆணியாகப் பார்த்தார். வாலை ஆட்டினார், சக்கரத்தை உதைத்தார். கடைசியில் இடது பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். கை நீட்டிய இடத்தில் ரேடியோ. விரல் வைத்த இடத்தில் சுவிட்சு. கண்ணுக்கு நேரே வேகம். அவர் முகம் முதல் தடவையாக இளகியது. வீட்டில் கட்டிய எத்தனையோ விமானங்களைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு யோசித்துச் செய்த பலகையைப் பார்த்ததில்லை என்றார்.

டெல்மருக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. தன் முழங்கால்களின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். மெத்தை போட்டது, கழுத்து சாய்ந்தது, பால் கறக்கிற மாதிரி உட்கார்ந்தது என்று ஒன்று விடவில்லை. ரோசலி பொறுமையாகக் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். உங்களைப் போன்ற உயரமானவர் ஏன் இப்படி ஒரு பலகையைச் செய்தீர்கள் என்று அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை. டெல்மர் குனிந்து தன் முழங்கால்களைப் பார்த்தார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து நோரீன் காப்பியும் ஒரு தட்டில் பாலாடைக்கட்டித் துண்டுகளுமாக வந்தாள். விமானத்தில் உட்கார்ந்திருந்த ரோசலியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ரோசலி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அடடே, நோரீன், போன வாரம் என்கிட்ட பைலட் தேர்வு பாஸ் பண்ணப்போ, வீட்டுல உங்க அளவுக்கே ஒரு விமானம் தயாராகுதுன்னு சொல்லவே இல்லையே?"