டில்லிக் கணக்குக்கு ரெண்டு பேர், எங்க ஊருக்கு ஒன்பது

முருகன் துணை

கரட்டூர்,
ஆடி மாசம், 1996

என் பிரியமுள்ள தம்பி தம்பிதுரைக்கு அக்கா பழனியாத்தாள் எழுதிக்கொண்டது. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டு முன்கட்டு ஆசாரத்தில் இருந்தவர்கள்: கயித்துக் கட்டிலில் உன்ர மச்சான், கால்மாட்டில் நான், கதவோரம் பக்கத்து வீட்டு சென்னியம்மாள், நாற்காலியில் சுகாதார ஆபீஸ் வரதராஜுலு சார். அவ்வளவுதான். இன்னும் இருபது பேர் தாங்களும் இருந்ததாகச் சொல்லித் திரிகிறார்கள், உனக்கு வேறு மாதிரிக் கடுதாசி வந்தால் நம்பாதே. இங்கே சென்னிமலை ஆண்டவன் கிருபையால் நானும் எருமை ரெண்டும் சுகம். உன்ர மச்சான் சுகம் என்று எழுதினால் பொய், சுகமில்லை என்று எழுதினால் அவரே வாங்கிப் படித்துவிடுவார். வயித்துக் கட்டிக்குக் கோயமுத்தூர் போய் மூணாந்தடவை மருந்து ஏத்திக்கொண்டு வந்திருக்கிறோம். டில்லியில் நீயும் கோமதியும் குளிரில்லாமல் இருக்க வேண்டுகிறேன், இப்போது அங்கே வெயில் காலமாக இருந்தால் வெயிலில்லாமல்.

விஷயம் என்னவென்றால், நம்ம மக சாந்தாமணிக்கு ஆவணியில் ஏழாம் மாசம் பிறக்கிறது. கட்டுச்சோறு விருந்து வைத்துத் தலைப்பிரசவத்துக்கு இங்கே கூட்டி வர வேணும். கூட்டி வரலாமா கூடாதா என்பதுதான் எனக்குத் தெரிய வேணும். ஆசுபத்திரியில் இதே நோவோடு நம்ம ஊர் ஆளுகளாகவே கண்ணில் பட்டார்கள். டாக்டரைக் கேட்டேன். "எல்லா ஊர்லயும் இருக்கறதுதாம்மா, நாடு முழுக்க இப்படித்தான்" என்றார். நாடு முழுக்க என்றால் ஒரு கணக்கு இருக்குமல்லவா? அதைத்தான், டில்லியில் கணக்கெடுக்கிற ஆபீசில் இருக்கிற உனக்கு எழுதிக் கேட்டேன். நாலாயிரம் பேர் உள்ள ஊருக்கு வருஷம் ரெண்டு, மிஞ்சினால் மூணு சாவு வரலாம், ஆனால் கிழடுகட்டை அதிகமுள்ள ஊரென்றால் கூடும், சின்ன ஊர்க் கணக்கை அவசரப்பட்டு நம்பாதே என்று நீ பதில் போட்டாய். சரியென்று நானே வீடு வீடாகக் கேட்கக் கிளம்பினேன், அங்கேதான் தம்பி எல்லாம் கோளாறாகிப்போச்சு.

"உங்க ஊட்டுல ஆருக்காச்சும் அந்த நோவு இருந்துதுங்களா, என்ன வயசுங்க" என்று நான் கேட்க, அவர்கள் நான் நம்ம பையன் மனோகரனுக்குப் பொண்ணு விசாரிக்கிறேன் என்று நினைத்துப்போட்டார்கள். நம்ம பக்கத்தில் சம்பந்தம் பேசுமுன்னால் பரம்பரை நோவு விசாரிப்பதுதானே முதல் வேலை. கேட்ட வீட்டிலெல்லாம் பலகாரம், காப்பி, உள்ளேயிருந்து பவுடர் பூசிய பிள்ளை. மேக்கால வீதியில் ஒரு வீட்டில், செத்து ரெண்டு வருஷமான மாமியாரைப் பழனிக்கு நடந்து போயிருக்காங்க என்று சொல்லிப்போட்டார்கள். அந்தம்மாளின் கேதத்துக்கு நானே போயிருக்கிறேன், படத்துக்கு மாலை வேறு தொங்குகிறது. "நல்லா இருக்காங்களா?" என்றேன். "குத்துக்கல்லாட்டம் இருக்காங்க" என்றார்கள். என்ன செய்ய, காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். மூணு ஜாதகம் சேர்ந்துவிட்டது. மனோகரன் வயசு பதினேழு, பாலிடெக்னிக் முதல் வருஷம்.

பிறகு யோசித்தேன். ஆளைப் பற்றி அந்த வீட்டில் கேட்டால்தானே மறைக்கிறார்கள், அடுத்த வீட்டில் கேட்டேன். அப்போது வேண்டாத அளவுக்குச் சொன்னார்கள். ஒரே ஆள் மூணு பேர் வாயால் மூணு சாவாகிப்போனார். தெக்கால தோட்டத்து வேங்கடசாமியண்ணனைப் போன மாசமே போய்விட்டதாகச் சொன்னார்கள், நானும் எழுதிவிட்டு அவருக்காக ஒரு பாட்டம் அழுதேன். மறுநாள் காலையில் தூக்குப்போசியோடு பாலுக்கு வந்து நிற்கிறார். "ஏனம்மிணி பேயறைஞ்சாப்ல பாக்கறே?" என்கிறார். அழித்துவிட்டு ஒரு செம்பு பால் சும்மாவே கொடுத்தேன். இப்படி அடித்துத் திருத்திப் போன வருஷத்துக்கு ஒன்பது. முந்தின வருஷம் அஞ்சு. அதற்கு முந்தி மூணு. நீ சொன்னபடி வயசும் பார்த்தேன், ஒன்பதில் ஆறு பேர் அறுபதுக்குக் கீழே.

அதை வைத்துக்கொண்டுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை வரதராஜுலு சாரை வீட்டுக்கு வரச் சொன்னது. நல்ல மனுசன், சாவுப் பதிவுப் பெரிய புஸ்தகத்தைப் பிரித்து விரலை ஓட்டிப் பார்த்தார். "போன வருஷம் உங்க ஊர்ல கேன்சர்னு ஒண்ணே ஒண்ணுதாம்மா. நாட்டுக் கணக்கைவிடக் கம்மி. டில்லிக்காரங்கதான் உங்க ஊருக்குக் குடிவரோணும்" என்றார். கட்டிலிலிருந்து உன்ர மச்சான், "அப்ப நானும் அங்கே போறனுங்க சார், எடம் மாத்திக்கலாமுங்க" என்றார். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாச்சு, நெஞ்சைத் தடவிக்கொண்டே நான் கேட்டேன், "மத்தவீகெல்லாம் எதுலீங்க போனாங்க?" "மாரடைப்பு, வயோதிகம்னு போட்டிருக்குதும்மா." "கிழக்கு வீதி அம்மிணிக்கு முப்பத்தெட்டு வயசுங்க, வயோதிகமுங்களா?" சார் கண்ணாடியைக் கழட்டித் துடைத்தார். "ஊட்டுக்காரங்க சொல்றதைத்தானேம்மா எழுத முடியும்."

கதவோரம் நின்ற சென்னியம்மாளை அப்போதுதான் எல்லாரும் பார்த்தோம். போன வருஷம் தை மாசம் அவள் வீட்டுக்காரர் தொண்டையில் வந்து போனது ஊருக்கே தெரியும். அவரையும் மாரடைப்பில் சேர்த்திருக்கிறது. "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்களேக்கா" என்றாள். "நெஞ்சு நின்னுதானுங்க உசிரு போச்சு, எல்லாருக்கும் அப்படித்தானுங்களே" என்றாள். சார் புஸ்தகத்தை மூடிவிட்டார். அவர் போன பிறகு உன்ர மச்சான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எனக்கும் மாரடைப்புன்னே எழுதச் சொல்லிப்போடு. மனோகரனுக்குப் பொண்ணு பாக்கோணும்ல" என்றார். "உங்களை நான் எந்தக் கணக்குலயும் சேர்க்கலீங்க" என்றேன். "சேக்காதே, இன்னும் கொஞ்ச நாள் பாக்கி இருக்குது" என்று சிரித்தார் தம்பி, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இது கெணத்துத் தண்ணியாலா, தோட்டங்காட்டுக்கு அடிக்கிற பூச்சி மருந்தாலா, புகையிலையாலா, நான் கண்டேனா? பழி போட எனக்குப் படிப்பில்லை. கந்தர் சஷ்டி கவசம் சொல்லி முடித்துத் தினமும் முருகனைக் கேட்கிறேன். அவன் கணக்கில் பிசகு வராது, ஆனால் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறான். பிள்ளையை வரவேண்டாமென்றால் அப்பனைப் பார்க்க மாட்டாள், இவர் பேரப்பிள்ளையைப் பார்க்க மாட்டார். வரச்சொன்னால் வயித்துப் பிள்ளையோடு இந்தத் தண்ணியையும் காத்தையும் குடிப்பாள். ஒன்பதுக்கு ரெண்டு என்பது நிசமான வித்தியாசமா, இல்லை என்ர கூட்டலில்தான் கோளாறா? உன்ர ஆபீசில் பெரியவர்களைக் கேட்டு எழுது. நீ வேண்டாமென்றால் நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிடுவேன், உறுதி.

உனக்கும் கோமதிக்கும் சென்னியாண்டவன் தீர்க்காயுசு கொடுக்கட்டும். உன்ர மச்சான் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
அக்கா பழனியாத்தாள்

பின்குறிப்பு: தபால்பெட்டிக்குக் கிளம்பினேன், வாசலில் சாந்தாமணி நிற்கிறாள். நாளும் பார்க்கவில்லை, விருந்தும் வைக்கவில்லை, "அப்பனைப் பாக்கோணும்"னு மாமியாகிட்ட அழுதாளாம், பஸ் ஏத்தி உட்டுட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நேரா பானைகிட்டப் போயி ஒரு சொம்பு மோந்து குடிச்சுப்போட்டு, "நம்மூட்டுத் தண்ணியாட்டம் எங்கயும் வராதும்மா"ங்கறா. நாலு நாளாக் கஞ்சி வேண்டாம்னு கிடந்த மனுசன் எந்திரிச்சு உக்காந்து அவகூட ரெண்டு இட்லி தின்னுட்டிருக்காரு. திருப்பி அனுப்பட்டுமா, இருக்கச் சொல்லட்டுமா கண்ணு? சீக்கிரம் பதில் போடு.