செவ்வாய்க்கிழமைப் புண்

புண் ஆறிக்கொண்டிருந்தது. சர்வேயருக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

ரிட்டயரான மனுஷர், தனிக்கட்டை. வெளியூர்ப் பிள்ளை மாதம் ஒருமுறை போன் செய்வான்: "நல்லாருக்கீங்களாப்பா? வெச்சிடவா?" அவ்வளவுதான்.

பதினொரு மாதமாக ஆறாத சர்க்கரைப் புண், இடது காலில். கிருமி அண்டாத புதுவிதக் கட்டுப்பட்டை ஒன்றை உருவாக்கும் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஓர் அம்மாள் செவ்வாய்தோறும் வருவாள். பழைய பட்டையை உரித்து, ஸ்கேல் வைத்துப் புண்ணை அளந்து, புதுசு ஒட்டுவாள். வாரத்தில் அவர் வாய் திறப்பது அந்த ஒரு மணி நேரம்தான். சட்டைக்கு இஸ்திரியும் அன்றைக்கு மட்டும்தான்.

"பதினெட்டு மில்லிமீட்டர் சார்! போன வாரம் இருபத்திரண்டு."

காலமெல்லாம் நிலம் அளந்தவருக்குக் கணக்கு சொல்லித் தர வேண்டுமா? வாரத்துக்கு நாலு. இன்னும் ஐந்தே செவ்வாய்!

காலைத் தூக்கி வைத்து உட்காரச் சொல்லியிருந்தாள். இவர் வேண்டுமென்றே தெருவை ஏழு சுற்று சுற்றினார்.

"நடந்தீங்களா? அதான் ரத்த ஓட்டம் பிரமாதம். பன்னிரண்டு!"

அடுத்து, தோட்டத்துச் சேற்றில் காலை விட்டுக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். எதிர்வீட்டு ஜன்னலில் பார்த்தவர்கள் உண்டு.

"என்ன சார், கிணறு வெட்டப் போனீங்களா?" என்று பதறியபடி பட்டையை உரித்தவள் துள்ளினாள். "சீழ் இல்ல, வீக்கம் இல்ல. சேத்துக்கே பெப்பே காட்டிடுச்சு சார் நம்ம பட்டை! ஏழு!"

அடுத்த செவ்வாய் ஸ்கேல் வைக்க இடமே இல்லை.

"ஆறிடுச்சு சார்."

"சந்தோஷம்மா."

துக்க வீட்டில்கூட அப்படி இரண்டு முகங்களைப் பார்க்க முடியாது. பையின் ஜிப்பை மூடவே அவளுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று.

மறு செவ்வாய், இஸ்திரிச் சட்டையோடு வாசலிலேயே நின்றார். யாரும் வரவில்லை. மத்தியானம் பொறுக்க மாட்டாமல் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன் போட்டார்.

"வலது கால் லேசா அரிக்குதும்மா. இதையும் உங்க பட்டை ஆராய்ச்சியில சேத்துக்குவீங்களா?"

ரிசப்ஷன் பெண் குழம்பிப்போனாள். "எந்த ஆராய்ச்சி சார்? அதை நிறுத்தி அஞ்சு மாசமாச்சே! மிச்சப் பட்டையெல்லாம் மேடம்தான் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. செவ்வாய்க்கிழமையானா அப்பாவைப் பாக்கப் போறேன்னு லீவு போட்டுடுவாங்க, இன்னைக்குத்தான் அதிசயமா சீட்டுல உம்முன்னு உட்கார்ந்திருக்காங்க. கூப்பிடவா?"